நாய்க்கூண்டு உண்டு, நாய் இல்லை: தானே ஓடும் காரைக் கணினிக்குள் ஓட்டிப் பார்ப்பது

சுங்கை சிப்புட்டிலிருந்து லிந்தாங் போகும் பக்கத்தில், தோட்டத்துச் செம்மண் பாதை தார்ச்சாலையில் வந்து சேரும் முச்சந்தி ஒன்று உண்டு. காலை ஏழு மணிக்கு அங்கே நின்றால் அந்தக் கம்பைப் பார்க்கலாம். கப்சாய் என்கிற சின்ன மோட்டார் சைக்கிளில் ஒருவர் வருவார். தோளில் செம்பனைக் குலை அறுக்கும் அலுமினியக் கம்பு. முனையில் அரிவாள், அதற்குச் சாக்கில் ஓர் உறை. மோட்டாருக்கு முன்னால் கொஞ்சம், பின்னால் நிறைய என்று கம்பு நீட்டிக்கொண்டிருக்கும். அவர் வலப்பக்கம் திரும்பினால் கம்பின் வால் இடப்பக்கம் வீசும். ஊர்க்காரர்கள் மோட்டாரைப் பார்க்க மாட்டார்கள், வாலைப் பார்த்து ஒதுங்குவார்கள். இதை யாரும் யாருக்கும் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்ததில்லை.

நான் கோலாலம்பூரில் மென்பொருள் சோதிக்கும் வேலையில் இருப்பவன். கார் மென்பொருள் இல்லை, பணம் அனுப்பும் செயலிகள். ஊருக்குப் போயிருந்தபோது, செம்பனை லோரி ஓட்டும் என் அத்தான் கேட்டார்: "ஏன் தம்பி, இந்த ஆளில்லாம ஓடுற காரையெல்லாம் கம்ப்யூட்டர்லயே ஓட்டிப் பாத்துட்டு ரோட்டுல விடுறாங்களாமே? கேம் ஆடிட்டு லைசென் கேக்குற கதையால்ல இருக்கு?"

கிண்டல்தான். ஆனால் இந்தத் துறையில் இருப்பவர்களே இன்னும் முட்டி மோதிக்கொண்டிருக்கும் கேள்வியும் அதுதான். அவருக்கு அன்று நான் சொன்ன பதில் சரியாக வரவில்லை. அதனால் இந்தக் கட்டுரை.

கணக்கிலிருந்து தொடங்கலாம். அமெரிக்காவின் ராண்ட் ஆய்வு நிறுவனம் 2016-இல் ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டது. தானே ஓடும் கார் மனிதரைவிட மோசமில்லை என்று நிரூபிக்க அதை எவ்வளவு தூரம் ஓட்டிப் பார்க்க வேண்டும்? அமெரிக்காவில் மனிதர்கள் ஓட்டும்போது 10 கோடி மைலுக்குச் சுமார் 1.09 பேர் சாகிறார்கள் என்பது அந்த ஆய்வு எடுத்துக்கொண்ட அன்றைய கணக்கு. இத்தனை அரிதாக நடக்கும் ஒன்றை அளக்க வேண்டுமென்றால் நிறைய ஓடியாக வேண்டும். 95 விழுக்காடு நம்பிக்கையோடு சொல்வதற்கு, ஒரு சாவுகூட இல்லாமல் 27 கோடியே 50 லட்சம் மைல், அதாவது ஏறத்தாழ 44 கோடி கிலோமீட்டர். 100 கார்களை இரவு பகல் பார்க்காமல், ஒரு நாள்கூட நிறுத்தாமல், மணிக்கு 25 மைல் வேகத்தில் ஓட்டினாலும் பன்னிரண்டரை ஆண்டு ஆகும்.

அதுவும் அந்தப் பன்னிரண்டரை ஆண்டும் மென்பொருளில் கை வைக்காமல் இருந்தால். எந்த மென்பொருளும் அப்படி இருப்பதில்லை. ஒரு பிழையைத் திருத்தினால் இன்னொன்று முளைக்கும். இது என் பிழைப்பிலிருந்தே தெரியும். திருத்தியது நேற்று ஓடிய மென்பொருள் இல்லை, புது மென்பொருள். அப்படியென்றால் ஓடிய மைலையெல்லாம் அழித்துவிட்டு மறுபடியும் பூஜ்யத்திலிருந்து எண்ண வேண்டுமா? சாலையில் மட்டும் சோதிப்பது என்று வைத்துக்கொண்டால் இந்த வேலை முடியவே முடியாது. கணினிக்குள் போனதற்கு முதல் காரணம் இதுதான்.

இரண்டாவது காரணம் எங்கள் முச்சந்தியிலேயே இருக்கிறது. கம்போடு வரும் ஆளைக் கார் இடிக்கிறதா என்று பார்க்க, நிஜமான ஆளைக் கொண்டுபோய் அங்கே நிறுத்த முடியாது. நிறுத்தினாலும் ஒரு நாளில் முப்பது நாற்பது தடவைக்கு மேல் செய்ய முடியாது. ஒவ்வொரு தடவையும் வெயில், வேகம், தூரம் எல்லாம் கொஞ்சம் மாறிப்போகும். எது மாறியதால் விளைவு மாறியது என்று தெரியாமல் போய்விடும்.

ஆபத்தான பயிற்சியைப் பெட்டிக்குள் செய்து பார்ப்பது புதிய யோசனையும் இல்லை. எட்வின் லிங்க் என்பவர் 1929-இல் விமானிகளுக்கான பயிற்சிப் பெட்டியை உருவாக்கினார். அவர் குடும்பத் தொழில் பியானோவும் ஆர்கனும் செய்வது. காற்றுத் துருத்தியை வைத்து இசைக் கருவியை இயக்கத் தெரிந்தவர், அதே துருத்தியை வைத்து ஒரு சின்ன விமானக் கூட்டை ஆடவும் சாயவும் வைத்தார். கார் பக்கத்திலும் ஆரம்பமே இப்படித்தான். 1989-இல் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் உருவான ஆல்வின் என்ற நரம்பு வலையமைப்புக்கு, அதாவது உதாரணங்களைப் பார்த்துக் கற்கும் மென்பொருளுக்கு, சாலையைப் பார்த்துத் திரும்பக் கற்றுக்கொடுத்தபோது, பாடமாகக் கொடுத்தவை கணினி வரைந்த சாலைப் படங்கள்.

இன்றைக்கு அளவு வேறு. கூகுளின் திட்டமாகத் தொடங்கிப் பின்னர் தனி நிறுவனமான வேமோ, 2017 வாக்கில் கார்கிராஃப்ட் என்ற தன் சிமுலேட்டருக்குள், அதாவது சாலையையும் வண்டிகளையும் கணினிக்குள் நடித்துக் காட்டும் மென்பொருளுக்குள், எந்நேரமும் 25,000 கார்களை ஓடவிட்டிருந்தது. நாளொன்றுக்கு 80 லட்சம் மைல். 2020-இல் அந்நிறுவனம் சொன்ன கணக்கு, சாலையில் 2 கோடி மைல், கணினிக்குள் 1,500 கோடி மைல். கேட்டதும் மலைப்பாகத்தான் இருக்கும். எனக்கு இந்தப் பெரிய எண்மேல் அவ்வளவு மதிப்பு இல்லை. நேர் சாலையில் ஆள் அரவம் இல்லாமல் ஓடிய ஆயிரம் மைலும், பள்ளி விடும் நேரத்தில் தமிழ்ப்பள்ளி வாசலில் நகர்ந்த நூறு மீட்டரும் ஒரே தராசில் நிற்காது. எத்தனை மைல் என்று கேட்பதைவிட எந்த மைல் என்று கேட்பதில்தான் விஷயம் இருக்கிறது.

சரி, உள்ளே என்னதான் நடக்கிறது? அக்கா மகன் ஈப்போவில் பாலிடெக்னிக் படிக்கிறான். கேம் ஆடுவதற்காக வாங்கிய கணினி ஒன்று வைத்திருக்கிறான். அதில் கார்லா என்ற சிமுலேட்டரை இறக்கி வைத்தோம். பார்சலோனாவின் கணினிப் பார்வை மையம், இன்டெல், டொயோட்டா ஆய்வு நிறுவனம் ஆகியவற்றின் ஆதரவோடு 2017-இல் வெளிவந்தது இது. திறந்த மூல மென்பொருள் என்பதால் யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். அடியில் ஓடுவது அன்ரியல் எஞ்சின், அதாவது கேம்களுக்காகச் செய்த அதே எஞ்சின். அத்தானின் கிண்டலில் அந்த அளவுக்கு உண்மை இருக்கிறது.

உள்ளே ஊர்கள் தயாராக இருக்கின்றன. எல்லாவற்றிலும் வண்டிகள் வலப்பக்கமாக ஓடுகின்றன, அது முதல் இடறல். வாகனப் பட்டியலைத் திறந்தோம். மோட்டார் சைக்கிள்களில் ஹார்லி டேவிட்சன் இருக்கிறது, கவாசாக்கி நிஞ்ஜா இருக்கிறது, ஒரு யமாஹா, ஒரு வெஸ்பா. கப்சாய் இல்லை. சாலையோரம் வைப்பதற்கான சாமான்களின் பட்டியல் நீளமாகப் போனது: பிளாஸ்டிக் நாற்காலி, பூவாளி, கிட்டார் பெட்டி, ஊஞ்சல். நாய்க்கூண்டுகூட உண்டு. நாய் இல்லை. மாடு இல்லை. எங்கள் பக்கத்தில் இருட்டிய பிறகு சாலையில் படுத்துக்கிடக்கும் கறுப்பு மாட்டுக்குப் பயப்படாத ஓட்டுநர் கிடையாது.

இது கார்லாவைக் குறை சொல்வதற்காக இல்லை. இலவசமாகக் கொடுத்த ஆராய்ச்சிக் கருவி அது. வேண்டியதை நாமே செய்து சேர்த்துக்கொள்ளலாம். நான் கவனித்தது வேறு. ஒவ்வொரு சிமுலேட்டரும் அதைச் செய்தவர்களின் தெருவைச் சுமந்துகொண்டு வருகிறது.

தானே ஓடும் காரின் மென்பொருளை மேலோட்டமாக மூன்றாகப் பிரிக்கலாம். கேமரா, ரேடார், லைடார் வழியாக வருவதைப் பார்த்து, இது லோரி, இது ஆள் என்று சொல்லும் பகுதி ஒன்று. அந்த ஆள் அடுத்த சில விநாடியில் எங்கே போவார் என்று ஊகிக்கும் பகுதி ஒன்று. அதை வைத்து நாம் பிரேக் போடலாமா, விலகலாமா என்று முடிவெடுக்கும் பகுதி ஒன்று. லைடார் என்பது ஒளிக்கதிரை விட்டு, அது பட்டுத் திரும்பும் நேரத்தை வைத்துத் தூரத்தை அளக்கும் கருவி.

சிமுலேஷனிலும் இதற்கேற்ப இரண்டு வழிகள் உண்டு. செலவு குறைந்த வழியில், சிமுலேட்டரே காரின் காதில் ஓதிவிடும்: "முன்னால் 20 மீட்டரில் ஒரு மோட்டார், வேகம் இவ்வளவு, நீளம் இவ்வளவு." கண்ணுக்கு வேலையே இல்லை. முடிவெடுக்கும் பகுதியை மட்டும் சோதிக்க இது போதும், ஆயிரக்கணக்கில் வேகமாக ஓட்டலாம். இன்னொரு வழியில், கேமரா பார்க்கும் படத்தையும் லைடார் பெறும் புள்ளிகளையும் ஒவ்வொன்றாக உருவாக்கிக் கொடுக்க வேண்டும். கணினிக்கு நாக்குத் தள்ளிவிடும். காரில் பொருத்தப்போகும் அதே கணினிப் பலகையை மேசைமேல் வைத்து, அதற்குப் பொய்ச் சாலையைக் காட்டி, நேரத்துக்குப் பதில் சொல்கிறதா என்று பார்ப்பதும் உண்டு.

மருமகனின் முதல் சோதனை இங்கேதான் மாட்டியது. வெஸ்பாவின் பின்னால் ஒரு நீளமான உருளையை ஒட்டி, அதைக் கம்பு என்று வைத்துக்கொண்டான். பின்னால் ஒரு காரை ஆட்டோபைலட்டில் விட்டான். வெஸ்பா முச்சந்தியில் நின்றது. கார் வந்தது, அழகாக வேகம் குறைத்தது, வெஸ்பாவுக்குப் பின்னால் போதிய இடைவெளி விட்டு நின்றது. கம்பு காரின் முன்கண்ணாடி வழியாக ஓட்டுநர் இருக்கைவரை போயிருந்தது. திரையின் ஓரத்தில் மோதல் எண்ணிக்கை: பூஜ்யம்.

கணினி பொய் சொல்லவில்லை. கார்லாவின் அந்த ஆட்டோபைலட் சென்சார் எதையும் பார்ப்பதில்லை, மேலே சொன்ன காதில் ஓதும் வழிதான். சிமுலேட்டருக்கு வெஸ்பா என்பது ஒரு பெட்டி. அந்தப் பெட்டியின் அளவில் கம்பு இல்லை. கம்பு வெறும் அலங்காரம், இடிக்கிற உடம்பு அதற்கு நாங்கள் கொடுக்கவில்லை. கேட்ட கேள்விக்குச் சரியான விடை வந்தது, கேள்விதான் ஓட்டை.

இதே ஓட்டையின் உண்மையான, கொடுமையான வடிவம் 2018 மார்ச் 18 இரவு அரிசோனாவின் டெம்பி நகரில் நடந்தது. ஊபரின் சோதனைக் கார், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சாலையைக் கடந்த ஒரு பெண்ணை இடித்தது, அவர் இறந்தார். அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2019-இல் வெளியிட்ட முடிவுகளின்படி, காரின் சென்சார்கள் மோதலுக்கு 5.6 விநாடிக்கு முன்பே அவரைக் கண்டுவிட்டன. ஆனால் மென்பொருள் அவரை வாகனம் என்றது, பிறகு இன்னதென்று தெரியாத பொருள் என்றது, பிறகு சைக்கிள் என்றது. பெயரை மாற்றும் ஒவ்வொரு முறையும் அதுவரை அவர் நகர்ந்த வழியை மறந்துவிட்டு, அப்போதுதான் முளைத்தவர்போல எடுத்துக்கொண்டது. நடைபாதைக் கோடு இல்லாத இடத்தில் ஆள் கடப்பார் என்ற நினைப்பே அந்த வடிவமைப்பில் இல்லை. காரில் இருந்த கண்காணிப்பாளரின் கவனமும் சாலையில் இல்லை.

காதில் ஓதும் சிமுலேஷனில் இந்தப் பிழை எத்தனை கோடி மைல் ஓட்டினாலும் வெளிவராது. அங்கே ஆள் என்றால் முதலிலிருந்து கடைசிவரை ஆள்தான். பெயர் மாறி மாறி வரும் குழப்பத்தையும் வேண்டுமென்றே கலந்துவிட்டால்தான் பிடிபடும்.

அப்புறம், சாலையில் பதிவு செய்ததைத் திரும்ப ஓட்டுவது என்று ஒரு முறை இருக்கிறது. நிஜக் கார் ஒரு சிக்கலில் மாட்டி, உள்ளே இருந்தவர் ஸ்டீயரிங்கைப் பிடித்திருந்தால், அந்தச் சில விநாடிகளை எடுத்துக் கணினியில் போடுவார்கள். ஆள் கை வைக்காமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பார்ப்பார்கள். நல்ல யோசனை, ஆனால் இதில் ஒரு விசித்திரம். பதிவில் இருக்கும் மற்ற வண்டிகள் ஏற்கெனவே நடந்ததைத்தான் நடிக்கும். நம் கார் இந்தத் தடவை முன்னதாகப் பிரேக் போட்டால், பின்னால் வந்த லோரி அதைக் கவனிக்காமல் நம்மேலேயே ஏறிப் போகும். பேயோடு ஓட்டுவது போல. அதனால் மற்ற வண்டிகளுக்கும் கொஞ்சம் புத்தி கொடுக்க வேண்டியிருக்கிறது: நம்மைப் பார்த்து ஒதுங்க, கோபப்பட, வழிவிட, விடாமல் இருக்க. இந்தப் பொம்மை ஓட்டுநர்களை மனிதரைப்போல ஓட்டவைப்பது தனி ஆராய்ச்சியாக வளர்ந்து, வேமோ 2023-இல் அதற்கென்றே ஒரு போட்டியைத் தொடங்கியது.

வேமோவின் ஆரம்ப நாள்களில் நடந்த ஒன்று எனக்குப் பிடிக்கும். டெக்சஸின் ஆஸ்டின் நகரில் இரண்டு தட வட்டச் சந்தி ஒன்று அவர்கள் காருக்குச் சிரமம் கொடுத்தது. கலிபோர்னியாவில் பழைய விமானப்படைத் தளம் ஒன்றைச் சோதனைக்களமாக வைத்திருந்தார்கள்; அங்கே அதேபோல் ஒரு வட்டச் சந்தியைக் கட்டினார்கள். அதைக் கணினிக்குள் கொண்டுபோய் ஆயிரக்கணக்கான விதமாக மாற்றி மாற்றி ஓட்டினார்கள். குறுக்கே வரும் வண்டி கொஞ்சம் வேகமாக வந்தால்? அரை விநாடி தாமதித்தால்? சாலை, களம், கணினி என்று மூன்றுக்கும் போய்வரும் இந்த ஓட்டம்தான் சரியான வேலைமுறை என்பது என் எண்ணம்.

மாற்றி மாற்றி ஓட்டுவதன் கணக்கை எங்கள் முச்சந்தியில் போட்டுப் பார்க்கலாம். கம்புக்காரரின் வேகம், காரின் வேகம், இடைவெளி, கம்பின் நீளம், மழையின் அளவு, வெளிச்சம். மொத்தம் ஆறு. ஒவ்வொன்றுக்கும் பத்து மதிப்பு வைத்தால் 10 லட்சம் காட்சிகள். ஒரு காட்சி 20 விநாடி என்றால், ஒரே கணினியில் நிஜ வேகத்தில் 231 நாள். ஆயிரம் கணினிகளில் பிரித்துவிட்டால் ஆறு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். இரவு படுக்கப் போகுமுன் தட்டிவிட்டால் காலையில் தோசைக்கு முன்னால் விடை கிடைக்கும்.

ஆனால் அந்த 10 லட்சத்தில் பெரும்பாலானவை சப்பென்று இருக்கும். கார் தூரத்தில் நிற்கும், கம்பு பாட்டுக்குத் திரும்பிப் போகும். ஆபத்து இருப்பது ஓரங்களில், தப்பித்தோம் பிழைத்தோம் என்ற இடத்தில். அங்கே தேடுவதற்கே இப்போது மூளையைச் செலவழிக்கிறார்கள். மிச்சிகன் பல்கலைக்கழகக் குழு ஒன்று 2023-இல் நேச்சர் இதழில் வெளியிட்ட முறையில், சும்மா ஓடும் நேரத்தையெல்லாம் கழித்துவிட்டு, ஆபத்தான தருணங்களை மட்டும் திரட்டி, சுற்றியுள்ள வண்டிகளுக்கு நம் காரை மடக்கப் பயிற்சி கொடுத்தார்கள். சோதனை ஆயிரம் முதல் லட்சம் மடங்குவரை வேகமானது. வம்புக்கு இழுக்கும் ஓட்டுநர்களை உருவாக்கி விடுவது என்று சொன்னால் அத்தானுக்குப் புரியும். அவர் ஈப்போ சாலையில் தினமும் அப்படிப்பட்டவர்களோடுதான் ஓட்டுகிறார்.

இதெல்லாம் நல்ல பக்கம். ஏமாற்றும் பக்கத்துக்கு வருவோம், எனக்கு ஆர்வம் அதில்தான் அதிகம்.

நம் நாட்டில் லைசென் எடுத்தவர்களுக்கு இந்த ஏமாற்று வித்தை தெரியும். முதலில் கணினித் தேர்வு, 50 கேள்விக்கு 42 சரியாக இருக்க வேண்டும். அப்புறம் லிட்டார் என்கிற பயிற்சித் தடத்தில் மேடேற்றம், பார்க்கிங். அந்தப் பார்க்கிங்கை எப்படிக் கற்றுக்கொடுப்பார்கள்? "இந்தக் கம்பம் பின்கண்ணாடியில தெரியுதா, ஸ்டீயரிங்கை முழுசா ஒடி." நாம் கற்றது பார்க்கிங் இல்லை, அந்தக் கம்பத்தை. தேர்வில் பாஸ், மறுவாரம் பசார் மாலம் என்கிற இரவுச் சந்தைப் பக்கத்தில் இரண்டு காருக்கு நடுவே நுழைக்கச் சொன்னால் வியர்க்கும். மென்பொருளும் அச்சு அசல் இப்படித்தான் ஏமாற்றும். ஒரே சிமுலேட்டரில் திரும்பத் திரும்பத் திருத்தினால், அது சாலையைக் கற்காமல் சிமுலேட்டரைக் கற்றுக்கொள்ளும். ஆகவே திருத்துவதற்குப் பயன்படுத்திய காட்சிகளை வைத்து மதிப்பெண் போடக்கூடாது. பொறியாளர் கண்ணில் படாத காட்சிகளை வேறொருவர் பூட்டி வைத்திருக்க வேண்டும்.

எதை வைத்துப் பழகியது என்பதற்கு வோல்வோவின் கங்காரு கதையைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. ஸ்வீடனில் காட்டுமான்களை வைத்துப் பழகிய அவர்களின் பெரு விலங்குகளைக் கண்டறியும் அமைப்பு, ஆஸ்திரேலியாவில் கங்காருவைப் பார்த்துக் குழம்பியது 2017-இல் செய்தியானது. அது தரையை வைத்துத் தூரம் கணிக்கும். கங்காரு துள்ளிக் காற்றில் இருக்கும்போது தொலைவில் இருப்பதாகத் தோன்றும், தரையில் இறங்கியதும் கிட்டே வந்துவிடும். ஸ்வீடன் பொறியாளர்களைச் சொல்லிக் குற்றமில்லை. கால் தரையில் படாத விலங்கை அவர்கள் ஊரில் எங்கே பார்ப்பது?

மழை இன்னொரு பெரிய பொய். திரையில் மழை மிக அழகாக இருக்கும். மருமகன் கார்லாவில் மழையை உச்சத்துக்கு வைத்தான்; வானம் கறுத்தது, தரை பளபளத்தது, கார் மட்டும் காய்ந்த சாலையில் நிற்பதுபோல டக்கென்று நின்றது. அதன் கையேட்டிலேயே எழுதியிருக்கிறார்கள்: வானிலை மாற்றம் கேமராவுக்குத் தெரியும் தோற்றம் மட்டுமே, வண்டியின் இயக்கத்தைத் தொடாது. வழுக்க வேண்டுமானால் நாம் தனியாக வழுக்கலைக் கொண்டுபோய் வைக்க வேண்டும். எங்களுக்குப் பக்கத்துத் தைப்பிங்கில் இன்று மழை பெய்யுமா என்று பந்தயம் கட்டிய காலம் உண்டு என்பார்கள். அங்கே பெய்கிற மாதிரி பெய்தால் லைடார் கதிர்கள் துளிகளில் பட்டுத் திரும்பும், முன்னால் போகும் லோரியின் சக்கரம் கிளப்பும் நீர்த்திரை சுவர்போலத் தெரியும், கேமராக் கண்ணாடியில் ஒரு துளி உட்கார்ந்தால் பாதி உலகம் வளையும். இந்த ஒவ்வொன்றையும் இயற்பியல்படி கணக்கிட்டுக் காட்டுவது கடினம். சிங்கப்பூரில் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் செட்ரான் மையம் 2017-இல் திறந்த சோதனைத் தடத்தில் மழை பொழியும் இயந்திரம் ஒன்றையே வைத்தார்கள். கணினி மழையை நம்பாதவர்கள் செய்கிற வேலை அது. எனக்கு அவர்கள்மேல் மரியாதை.

நம் மழைக்கு இன்னொரு பக்கமும் உண்டு, அது சென்சார் விஷயமே இல்லை. நெடுஞ்சாலையில் மழை பிடித்ததும் மோட்டார்க்காரர்கள் எல்லாம் மேம்பாலத்துக்கு அடியில் ஒதுங்குவார்கள். அவசரத் தடம் நிறைந்து, சிலர் இடத்தடத்தின் விளிம்பில் நிற்பார்கள். மழை விட்டதும் ஒவ்வொருவராக வேகம் பிடிக்காமலே உள்ளே நுழைவார்கள். மலேசியச் சாலைகளில் சாகிறவர்களில் பாதிக்கு மேல் மோட்டார் சைக்கிளில் போனவர்கள் என்பதை நினைத்தால், இந்த ஒரு காட்சிக்கே தனிப் புத்தகம் போடலாம்.

பாஸ், பெயில் என்பதை எப்படி முடிவு செய்வது? இடிக்கவில்லை என்றால் பாஸ் என்பது போதாது. இடிக்காமல் இருக்க எளிய வழி ஓடாமல் நிற்பது. எல்லா மோதலையும் தவிர்க்கச் சொல்வதும் நியாயமில்லை. மரத்துக்குப் பின்னாலிருந்து ஒரு மீட்டர் முன்னால் குதிப்பவரை யாராலும் காப்பாற்ற முடியாது. ஐ.நா.வின் 157-ஆம் வாகன ஒழுங்குவிதி இதற்கு ஒரு கற்பனை மனிதரை வைக்கிறது: திறமையும் கவனமும் உள்ள ஓட்டுநர். ஆபத்தை எடைபோட அவருக்கு 0.4 விநாடி, அதன்பின் பிரேக் வேலை செய்யத் தொடங்க 0.75 விநாடி என்று ஒரு மாதிரிக் கணக்கு. அப்படிப்பட்டவர் தவிர்த்திருக்கக்கூடிய மோதலைக் காரும் தவிர்க்க வேண்டும். வேமோ 2021-இல் செய்தது இதற்கு நெருங்கிய உறவு. அரிசோனாவின் சாண்ட்லர் பகுதியில் 2008 முதல் 2017 வரை உண்மையில் நடந்த 72 உயிர்ப்பலி விபத்துகளைக் கணினியில் திரும்பக் கட்டி, அதில் இருந்த ஒரு வண்டிக்குப் பதிலாகத் தன் மென்பொருளை உட்காரவைத்துப் பார்த்தது. ஒரு நிறுவனம் தனக்குத் தானே போட்டுக்கொண்ட மதிப்பெண் அது என்பதை மறக்காமல் படிக்க வேண்டும். ஆனாலும் மைல் கணக்கைவிட இது எனக்கு அதிகம் சொல்கிறது.

மோதியதும் காட்சியை நிறுத்திவிடுவதும் தப்பு. 2023 அக்டோபர் 2 அன்று சான் பிரான்சிஸ்கோவில், வேறொரு கார் இடித்துத் தள்ளிய பெண் குரூஸ் நிறுவனக் காரின் முன்னால் விழுந்தார். கார் அவர்மேல் மோதி நின்றது. அதோடு முடியவில்லை. பக்கவாட்டில் இடி வாங்கியதாகத் தவறாகக் கணித்த மென்பொருள், ஓரம் கட்ட வேண்டும் என்று நகர்ந்து, அடியில் சிக்கியிருந்தவரை ஏறத்தாழ ஆறு மீட்டர் இழுத்தது. அந்த மாதமே கலிபோர்னியா அதன் ஓட்டுநரில்லா அனுமதியை நிறுத்திவைத்தது. மோதலுக்கு அடுத்த பத்து விநாடியும் சோதனையில் இருக்க வேண்டும்.

அந்த 157-ஆம் விதியைப் பற்றி இன்னொன்று. 2020-இல் ஏற்கப்பட்டபோது அது பேசியது பாதசாரியும் சைக்கிளும் அனுமதிக்கப்படாத, எதிர்த்திசை வண்டிகளைத் தடுப்பு பிரித்து வைத்திருக்கும் சாலைகளை மட்டும். வேகமும் 60 கிலோமீட்டர்வரைதான், பிறகுதான் 130 ஆக்கினார்கள். ஊரைக் கடந்து ஈப்போவுக்கும் கோலகங்சாருக்கும் போகும் எங்கள் முதலாம் எண் கூட்டரசுச் சாலைக்கு அது பொருந்தாது. அங்கே பாதசாரிக்கும் சைக்கிளுக்கும் தடை இல்லை, தைப்பூசத்தன்று பாதசாரிகளைத் தவிர வேறெதுவும் இல்லை. நாட்டுக்குள் 2020-இல் சைபர்ஜெயாவில் 7 கிலோமீட்டர் சோதனைத் தடம் ஒன்றைத் தொடங்கினார்கள். நல்ல அகலமான சாலைகள். நம் பக்கத்து நாட்டிலிருந்து கிடைக்கும் பொதுத் தரவும் உண்டு: நியூசீன்ஸ் என்ற தொகுப்பில் பாஸ்டன், சிங்கப்பூர் சாலைகளில் பதிவான, 20 விநாடி நீளமுள்ள 1,000 காட்சிகள். அதன் சிங்கப்பூர்க் காட்சிகளில் இடப்பக்கம் ஓட்டும் சாலை, நம் வெயில், நம் மழை. ஆனால் சிங்கப்பூரில் செம்பனை லோரியிலிருந்து இருபது கிலோ குலை உருண்டு நடுச்சாலையில் விழாது.

காட்சிகளை எழுதுவதற்குப் பொதுவான வடிவங்கள் வந்துவிட்டன. சாலையின் வடிவத்துக்கு ஓபன்டிரைவ், அதில் யார் எப்போது என்ன செய்கிறார்கள் என்பதற்கு ஓபன்சினாரியோ. ஒரு நாட்டில் எழுதிய காட்சியை இன்னொரு நாட்டின் சிமுலேட்டரில் ஓட்டலாம். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற பொது வரைபடத்திலிருந்து சாலையை இறக்கிக் கார்லாவுக்குள் கொண்டுவரவும் வழி இருக்கிறது. அதாவது எங்கள் முச்சந்தியைக் கணினிக்குள் வைக்கத் தொழில்நுட்பத் தடை பெரிதாக ஒன்றுமில்லை. யாராவது உட்கார்ந்து எழுத வேண்டும். எழுதுகிறவருக்கு முச்சந்தி தெரிந்திருக்க வேண்டும்.

மருமகன் இரண்டாம் தடவை செய்தான். கம்புக்கு உடம்பு கொடுத்தான். ஆட்டோபைலட்டை விட்டுவிட்டு, லைடாரை இயக்கி, கம்பு தெரிகிறதா என்று மட்டும் பார்த்தான். இயல்பாக வந்த அமைப்பில் கதிர்கள் கம்புக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகக் கடந்து போயின, கம்பில் ஒன்றுகூடப் படவில்லை. கதிர்களை நெருக்கமாக்கினான். குறுக்காக நின்றபோது கம்பு ஒரு புள்ளிக் கோடாகத் தெரிந்தது. நேர் பின்னாலிருந்து பார்த்தால் வெறும் நுனி, இரண்டு புள்ளி, மூன்று புள்ளி.

ஞாயிற்றுக்கிழமை மாலை அத்தான் வந்து பின்னால் நின்று பார்த்தார். வெஸ்பா திரும்பியது, கம்பு வீசியது, லைடாரில் அது தெரிந்ததும் கார் நின்றது. இந்தத் தடவை மோதல் இல்லை, நிஜமாகவே இல்லை. மருமகன் திரும்பி அப்பா முகத்தைப் பார்த்தான்.

"கம்பு ஆடலையே," என்றார் அத்தான். "செம்மண்ணுலேர்ந்து தார் ரோட்டுக்கு ஏறுற எடத்துல ஒரு குழி இருக்குல்ல. அதுல எறங்குறப்ப வால் இந்த ஒசரத்துக்குத் துள்ளும். என் லோரிக் கண்ணாடில ஒரு தடவ அடிச்சிருக்கு."

கையை நெஞ்சளவுக்கு உயர்த்திக் காட்டினார். மருமகன் அளவு நாடா எடுத்துக்கொண்டு வந்தான்.